மலைச்சாரலில் மூன்று கல் அடுப்பு

கண்டி மாநகரிலிருந்து வத்தேகம செல்லும் வீதியிலே, நகரின் ஆரவாரம் ஓய்ந்து தோட்டங்களும் வயல்களும் தலைகாட்டத் தொடங்கியபின் மடவளை வருகிறது. 'மடவளை பஸார்' என்றே வெளியூரார் அதனை அறிவர். பெயருக்கேற்பக் கடைவீதியே அவ்வூரின் உயிர்நாடி. அங்குள்ளோர் வியாபார நிமித்தம் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய்வருவர். கடல் கடந்து தொழில் பார்த்துத் திரும்புவோரும் உண்டு. ஆயினும், மேகமில்லாத காலைப்பொழுதில் கொல்லைப்புறக் கதவைத் திறந்தால் கண்ணெதிரே நீலமாய் நிற்கும் மலைத்தொடரிலே ஓர் இரவேனும் தங்கிவந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், விடை சொல்ல ஒரு கையின் விரல்களே மிகையாகும்.

விரல்கள் என்றதும் அம்மலையின் பெயரே நினைவுக்கு வருகிறது. மடக்கிய முஷ்டியின் விரல் மொழிகளைப்போல் வரிசையாகப் புடைத்து நிற்கும் சிகரங்களைக் கண்ட ஆங்கிலேய நில அளவையாளர்கள் அதற்கு 'நக்கிள்ஸ்' என்று பெயரிட்டனர். சிங்கள மக்கள் தும்பறை மலைத்தொடர் என்பர். ஆங்கிலேயர் கண்டது வடிவத்தை. உள்ளூரார் கண்டது அதனை எந்நேரமும் போர்த்திக் கிடக்கும் பனிப்புகாரை. உயர்ந்த சிகரங்கள் 1,900 மீற்றரை எட்டுகின்றன. 2010 ஆம் ஆண்டில், சிவனொளிபாத மலைக் காடுகள், ஹோட்டன் சமவெளி ஆகியவற்றோடு சேர்த்து இம்மலைக் காட்டையும் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமைப் பட்டியலிலே சேர்த்துக்கொண்டது. மூக்கின் நுனியில் இலையொன்றை ஒட்டிவைத்தாற்போன்ற ஓணான் ஒன்று இங்கே வாழ்கிறது. உலகில் வேறெங்கும் அதனைக் காண முடியாது.

அத்தகைய இடத்துக்குப் பாடசாலை விடுமுறையின்போது குடும்பத்தோடு சென்று இரண்டு இரவுகள் கூடாரமடித்துத் தங்குவதென நாங்கள் முடிவுசெய்தோம். சிறியோரும் பெரியோருமாகப் பதினொரு பேர். எங்கே தங்குவது, எதில் போவது என்பவையெல்லாம் ஒருநாளில் தீர்ந்துவிட்டன. என்ன உண்பது, யார் சமைப்பது என்பதே ஒரு வாரம் பேசப்பட்டது.

நம்மவர் உல்லாசப் பயணம் போகும் வழக்கத்தை வாசகர்கள் அறிவர். வாகனத்தின் பின்புறத்தில் பெரிய சட்டிகள் ஏறும். அரிசி மூட்டை ஏறும். உயிருள்ள கோழிகள் ஏறுவதும் உண்டு. அருவிக்கரையை அடைந்ததும் ஆண்கள் குளிக்கப் போவர், பிள்ளைகள் பந்தாடுவர். பெண்கள் மட்டும் ஒரு மரநிழலில் குந்தி, வீட்டிலே செய்வதையே புகை நடுவிலே, வசதிகளில்லாமல் செய்துகொண்டிருப்பர். மாலையில் எல்லோரும் திரும்பும்போது அருவியைக் காணாமலே திரும்புகிறவள் தாய் ஒருத்திதான். இதனைப் பயணம் என்று சொல்வதற்கில்லை. அடுக்களை இடம்மாறியது என்றே சொல்ல வேண்டும்.

ஆகவே, இம்முறை உம்மா அகப்பையைத் தொடக்கூடாது என்று விதி செய்தோம். சோறு வாப்பாவின் பொறுப்பு, நெருப்பு மூத்தவனுடையது, ரொட்டி தட்டுவது பெண்பிள்ளைகள் இருவருடையது, தண்ணீரும் பாத்திரமும் சின்னவர்களின் பங்கு. எண்பதைத் தாண்டிய மூத்தம்மாவுக்கு ஆலோசகர் பதவி. உம்மா சிரித்தார், "நீங்க ஆக்கி நான் தின்னணும், அதையும் பார்ப்பமே" என்றார்.

கூடாரச் சமையலின் பாதி வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும். அங்கே போய் வெங்காயம் உரிப்பவன் இருட்டிய பின்னரே உண்பான். தேங்காய்ப்பால் விட்ட கறிகள் வெயிலில் சில மணி நேரத்திலே கெட்டுவிடும். ஈரமற்றவை, புளிப்புள்ளவை, எண்ணெயில் வதங்கியவை தாக்குப்பிடிக்கும். எனவே முதல்நாளே சீனிச் சம்பல் தயாரானது. ஒரு கிலோ வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, சிறு தீயிலே பொன்னிறமாகும் வரை பொறுமையாக வதக்கி, இடித்த மாசி, கொச்சிக்காய்த் தூள், கறுவா, ஏலம், புளி, ஈற்றிலே சீனி சேர்த்து இறக்கிச் சுத்தமான போத்தலில் அடைத்தோம். உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்த இறைச்சியாகிய உப்புக்கண்டம் ஒரு பொட்டலம். கருவாடு ஒரு பொட்டலம். அரிசியையும் மைசூர்ப் பருப்பையும் ஒவ்வொரு வேளைக்கும் அளந்து தனித்தனித் துணிப்பையில் கட்டினோம். பதினொரு பேருக்கு ஒரு வேளைக்கு ஒன்றரைக் கிலோ அரிசியும் நானூறு கிராம் பருப்பும் போதுமாயிருந்தன. மலைக்காற்று பசியைக் கூட்டும் என்று சொல்லி மூத்தம்மா ஒவ்வொரு பையிலும் இன்னுமொரு பிடி போட்டார். அந்தப் பிடி வீண்போகவில்லை.

கொண்டைக்கடலையை மட்டும் உலர்ந்தபடி கொண்டுபோகவில்லை. புறப்படும் காலையில் மூடியுள்ள வாளியொன்றில் நீரூற்றிப் போட்டோம். வாகனம் மலையேறிக்கொண்டிருக்க, கடலை தானாக ஊறிக்கொண்டிருந்தது. ஊறிய கடலை வேக வேண்டிய விறகு, ஊறாத கடலைக்கு வேண்டியதிற் பாதியும் இராது.

விறகைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். காட்டுக்குப் போகிறவர் விறகு கொண்டுபோவதா என்று அயலவர் நகைத்தனர். பாதுகாக்கப்பட்ட அக்காட்டிலே மரம் வெட்டுவதும் சுள்ளி பொறுக்குவதும் தகாத செயல்கள். விழுந்து மக்கும் கொம்புகளே அங்கு மண்ணாகின்றன. பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் வீடாகின்றன. அம்மலைக்காடு ஏற்கெனவே விறகுக்குப் பெருவிலை கொடுத்திருக்கிறது. பெருமரங்களின் நிழலிலே கீழ்ச்செடிகளை அகற்றி ஏலம் பயிரிட்ட காலத்தில், பறித்த காய்களை உலர்த்தும் சூளைகளுக்காக எரிக்கப்பட்ட மரங்கள் கொஞ்சமல்ல. எனவே, எங்கள் வளவில் வெட்டிக் காயவைத்திருந்த கிளிசீரியாக் கொம்புகள் ஒரு கட்டும், சாக்கு நிறையச் சிரட்டையும் உடன்வந்தன. சிரட்டையைப்போல் நின்றெரிந்து, புகை அடங்கியபின் கனலாய்க் கிடக்கும் விறகு வேறில்லை. மழை வந்தால் உதவட்டுமென்று சிறு வாயு அடுப்பு ஒன்றும் எடுத்துக்கொண்டோம்.

மடவளையிலிருந்து திகனவுக்குச் சென்று மஹியங்கனை வீதியைப் பிடித்தோம். தெல்தெனியவில் இன்று காணும் நகரம் புதியது. பழைய நகரம், 1985 இல் திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியிலே உறங்குகிறது. அதனைத் தாண்டினால் மெதமஹநுவரப் பகுதி. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரியில் ஒளிந்திருந்து பிடிபட்டது இப்பிரதேசத்திலேதான். புகழ்பெற்ற பதினெட்டு வளைவுகளை எட்டுமுன்னரே, ஹுன்னஸ்கிரியவில் இடப்புறம் திரும்பினோம். அங்கிருந்து தேயிலைத் தோட்டங்களின் ஊடாக வீதி மேலேறுகிறது.

நண்பகலில் வழியோரத்தில் அவிழ்ந்தவை சோற்றுப் பொதிகள். வாழையிலையைத் தணலிலே வாட்டி, சோறும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் பொரித்த முட்டையும் சம்பலும் வைத்து விடியற்காலையில் கட்டியவை. இலையின் வாசம் சோற்றிலே இறங்கியிருந்தது. அவ்வளவில் அது பெரிய விருந்துதான். ஆனால் அதைக் கட்டியவர் உம்மா என்பதால், விதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்றே கணக்கு.

டீன்ஸ்டனில் வன இலாகாவினரின் நிலையம் இருக்கிறது. அனுமதி பெற்று, அவர்கள் காட்டிய வெளியிலே கூடாரங்களை எழுப்பினோம். நெருப்பும் அவர்கள் காட்டிய இடத்தில்தான். இவ்வொழுங்கை வீண் கெடுபிடி என்று கருதுவோர், வரட்சிக்காலத்திலே அம்மலைகளின் பத்தனைப் புல்வெளிகளைப் பார்க்க வேண்டும். காய்ந்த மானாப்புல்லில் ஒரு பொறி விழுந்தால் போதும்; காற்று மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

மூன்று கல் அடுப்பு நம் முன்னோரின் கருவி; கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் சென்ற யாத்திரிகர்கள் ஒவ்வோர் இரவும் புதிதாய்க் கட்டி, காலையில் கலைத்துவிட்டுப் போன அடுப்பு. ஆனால் காற்றடிக்கும் மலையிலே அதன் குறை உடனே வெளிப்படும். சூட்டின் பெரும்பகுதி பக்கவாட்டில் ஓடிவிடும். காற்று வரும் திசையிலே தட்டைக் கற்களை அடுக்கி மதிலெழுப்பினோம். அதன்பின் மூத்தவன் தாளைக் கொளுத்தினான். தாள் எரிந்தது, விறகு எரியவில்லை. குனிந்து ஊதினான், சாம்பல் முகத்தில் பறந்தது. நாற்காலியில் அமர்ந்திருந்த மூத்தம்மா பார்த்துக்கொண்டே இருந்து சொன்னார்:

"ஊதாதே மகன். விறகை நெருக்கி வச்சிருக்கே. அதுக்கு மூச்சு விட இடமில்ல. ரெண்டை எடு, அடியில சிரட்டையை வை. அடுப்பு தானா பிடிக்கும்."

அப்படியே பிடித்தது. பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிக்கும் பையன் எரிதலுக்கு ஒட்சிசன் வேண்டும் என்பதைப் பரீட்சைத் தாளில் எழுதியவன்தான். அடுப்பிலே அதனை இன்றுதான் கண்டான்.

இத்தகைய அறிவு நம் வீடுகளிலிருந்து எவ்வளவு விரைவாக மறைந்துவிட்டது என்பதை 2022 ஆம் ஆண்டு காட்டிற்று. சமையல் வாயு கிடையாமல், வெற்றுச் சிலிண்டர்களை வீதியோரத்தில் வரிசையாய் வைத்து மக்கள் நாட்கணக்கில் காத்துநின்ற காலம் அது. எங்கள் வீட்டுப் பின்புறத்தில் கோழிக்கூட்டுக்கு அண்டை கொடுத்துக் கிடந்த கற்கள் மீண்டும் அடுப்பாயின. அப்போதும் நெருப்பை மூட்டியது மூத்தம்மாதான். உம்மா உதவி செய்தார். மற்றவர்களெல்லாம் கைப்பேசியிலே வாயுக் கப்பல் வந்துவிட்டதா என்று செய்தி பார்த்துக்கொண்டிருந்தோம். மலையிலே மூத்தவன் கையில் தீப்பெட்டியைக் கொடுத்ததற்கு அந்த ஆண்டின் நினைவும் ஒரு காரணம்.

முதல்மாலை வெறுந்தேநீர். இஞ்சியைத் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்த சாயம். சீனிக்குப் பதிலாக ஆளுக்கொரு துண்டு கித்துள் கருப்பட்டி. கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். பனிப்புகார் இறங்கி எதிரிலிருந்தவர் முகம் மங்கும் வேளையில், அதற்கு ஈடான பானம் உலகில் உண்டென்று எங்களால் நம்ப முடியவில்லை. ஊறிய கடலை அவிந்தது. கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்து, தேங்காய்ச் சொட்டுகள் தூவிச் சுண்டலாயிற்று. பிள்ளைகளுக்கு இன்னொரு விளையாட்டும் கிடைத்தது. கெட்டியாகப் பிசைந்த மாவைத் திரியாக உருட்டி, தோல் சீவிய பச்சைக் குச்சியிலே கொடிபோல் சுற்றி, தணலின்மேல் திருப்பித் திருப்பிச் சுடுவது. வெந்ததும் குச்சியை உருவினால் நடுவில் துளையுள்ள ரொட்டி; அத்துளையிலே சீனிச் சம்பலை அடைக்கலாம். இது சாரணர்களின் பழைய வித்தை; பேடன் பவல் 1908 இல் சிறுவர்களுக்காக எழுதிய நூலிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. இலங்கையில் சாரணியம் 1912 இல் முதன்முதலாகத் தொடங்கியது வேறெங்குமன்று, மடவளையிலிருந்து வெகுதூரமில்லாத மாத்தளையிலேதான்.

சோற்றுக்கு வருவோம். மலையுச்சியில் பருப்பு வேகாது என்று பெரியவர்கள் சொல்வதில் பொய்யில்லை. உயரம் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. நீர் முன்னதாகவே கொதித்துவிடுகிறது. ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஒரு பாகை குறையும். கடற்கரையிலே 100 பாகையில் கொதிக்கும் நீர், 1,200 மீற்றர் உயரத்தில் 96 பாகையிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு விறகைத் தள்ளினாலும் நீர் ஆவியாகுமே தவிர, சூடு ஏறாது. எவரெஸ்ட் சிகரத்தில் எழுபது பாகைக்குச் சற்று மேலேயே நீர் கொதித்துவிடும். 1953 இல் அதனை வென்ற ஹிலாரியும் டென்சிங்கும் கடைசிக் கூடாரத்தில் மண்ணெண்ணெய் அடுப்பிலே பனிக்கட்டியை உருக்கிப் பானம் செய்து குடித்தார்கள். பருப்புக் கறி வைக்க முயலவில்லை! நம் மலையில் செய்ய வேண்டியது, தீயைக் கூட்டுவதன்று, நேரத்தைக் கூட்டுவது. மூடியின்மேல் ஒரு கல்லை வைத்து ஆவியை அடக்கி, கூடப் பத்து நிமிடம் பொறுத்தால் போதும்.

வாப்பாவுக்கு இவ்வறிவியல் முன்பே சொல்லப்பட்டிருந்தது. எனினும் மூன்று நிமிடத்துக்கொருமுறை மூடியைத் திறந்து பார்த்தார். முப்பது வருடங்களாகக் கடையில் அரிசி விற்றவர். அது சோறாவதை அருகிலிருந்து பார்த்தது அதுவே முதல் தடவை போலும். "அஞ்சு சுண்டு அரிசிக்கு எவ்வளவு தண்ணி?" என்று உம்மாவைப் பார்த்துக் கேட்டார். உம்மா பதில் சொல்லாமல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விதியை அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்பது எங்களுக்கு அப்போது விளங்கிற்று. மூத்தம்மாவே இரங்கி, அரிசிக்குமேல் விரலின் முதற்கணு மூழ்குமளவு நீர் நிற்க வேண்டுமென்று அளவு சொல்லிக் கொடுத்தார்.

சோறு அடியிலே கொஞ்சம் பிடித்திருந்தது. பருப்பு வெந்திருந்தது. உப்புக்கண்டத்தைத் தணலில் வாட்டிக் கல்லில் தட்டி, வெங்காயமும் தேசிக்காய்ச் சாறும் சேர்த்துப் பிசறியிருந்தோம். எல்லாவற்றையும் ஒரே சஹனிலே கொட்டினோம். எங்களூர்த் திருமண வீடுகளிலே ஆறுபேர் சுற்றியமர்ந்து உண்ணும் அப்பெருந்தட்டு, கூடாரச் சமையலுக்கென்றே படைக்கப்பட்டது போன்றது. பதினொரு கோப்பைகளுக்குப் பதிலாக இரண்டு சஹன்கள், கழுவ வேண்டியவை குறைவு, நீர்ச்செலவும் குறைவு. நெருங்கி அமர்வதாற் குளிரும் குறைவு.

உம்மாவின் முன்னால் முதற்கவளத்தை மகளொருத்தி ஒதுக்கி வைத்தாள். உண்டார். நாங்களெல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம். உப்பு, காரம் பற்றி ஏதேனும் சொல்வார் என்றெண்ணினோம். "கலியாணம் முடிச்சு இருபத்தெட்டு வருஷம். சோறு இவ்வளவு சூடா இருக்கக்கொள்ள நான் தின்னது இண்டைக்குத்தான்" என்றார். எல்லோருக்கும் பரிமாறி, பிறகு தம் பங்கை உண்பவருக்கு அது எப்போதும் ஆறியே இருந்திருக்கிறது. ஒரே வீட்டிலே, ஒரே சட்டியிலிருந்து, நாங்கள் வேறு சோற்றையும் அவர் வேறு சோற்றையும் உண்டு வந்திருக்கிறோம். வாப்பா ஒன்றும் பேசாமல், அடிப்பிடித்த பகுதியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மறுநாட்காலை ரொட்டி. இரண்டு பங்கு கோதுமை மாவுக்கு ஒரு பங்கு தேங்காய்ப்பூ, பொடியாக அரிந்த வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், உப்பு. இளஞ்சூட்டு நீர் விட்டுப் பிசைந்து, அரைமணி நேரம் மூடிவைத்து, வாழையிலைத் துண்டிலே தட்டிக் காய்ந்த இரும்புத் தட்டில் போட வேண்டும். மெல்லியதாக இருந்தால் அப்பளமாகிவிடும். தடித்தால் நடுவிலே மா வேகாது. சின்னவிரலின் பருமன் சரியானது. கட்டைச் சம்பலுக்கு வெங்காயம், செத்தல் மிளகாய், மாசி, உப்பு, தேசிக்காய். அம்மியில்லாத குறையைத் தட்டையான ஆற்றுக்கல் இரண்டு தீர்த்தன. நாங்கள் கடந்துவந்த தேயிலைத் தோட்டங்களின் லயங்களிலே, கொழுந்து பறிக்கச் செல்வோரின் காலையுணவு தலைமுறை தலைமுறையாக இந்த ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணீரும்தான். நாங்கள் ஒருநாள் வேடிக்கையாய் உண்டதை, அவர்கள் ஒவ்வொரு நாளும் உண்டு மலையேறுகிறார்கள் என்பதை ரொட்டி தட்டிய பெண்பிள்ளையே சொன்னாள். அதன்பிறகு, கருகிய ரொட்டியை எறியப்போன சின்னவன் எறியாமல் தின்றான்.

அட்டைகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் மலையை அறிந்தோர் எம்மை நம்பமாட்டார்கள். முதல்நாளிரவு சிறுமழை பெய்ததும் புல்லின் நுனிதோறும் அவை எழுந்து நின்று வரவேற்றன. உப்பைக் கட்டிய சிறு துணிமுடிச்சால் காலைத் தொட்டுவிட்டால் ஏறா. இதனால் உப்புப் போத்தல் அடுப்பங்கரைக்கும் கூடார வாசலுக்குமாக நாள் முழுவதும் நடந்துகொண்டிருந்தது. அடுத்த முறை சமையல் உப்பு வேறு, அட்டை உப்பு வேறு என்று இரண்டு போத்தல்கள் கொண்டுபோவது நல்லது.

எஞ்சியவற்றைக் கையாள்வதிலே நாங்கள் கண்டிப்பாக இருந்தோம். இரவில் எந்த உணவும் திறந்து கிடக்கவில்லை; வாசம் பிடித்துக் காட்டுப்பன்றிகள் வந்துவிடும். மிஞ்சிய சோற்றை மறுநாளைக்கு வைக்காமல், அளந்து ஆக்கி அன்றே முடித்தோம். பாத்திரங்களை ஓடையில் இறக்கவில்லை. நீரை மொண்டு வந்து, கரையிலிருந்து தள்ளிச் சாம்பலாலும் தேங்காய்த் தும்பாலும் தேய்த்து, கழுநீரை மண்ணிலே ஊற்றினோம். அம்மலையின் ஓடைகள் பல மகாவலியில் சேர்கின்றன. கண்டிச் சீமையின் வயல்களுக்கு மட்டுமல்ல, வெகுதூரத்திலுள்ள வயல்களுக்கும் அந்நீரே பாய்கிறது. நாங்கள் தங்கிய இடத்துக்குச் சற்று அப்பால், முன்னர் வந்தவர்கள் விட்டுச்சென்ற உடனடி நூடில்ஸ் உறைகளும் பிளாஸ்டிக் போத்தல்களும் புதருக்குள் மினுங்கின. எங்கள் சின்னவர்கள் அவற்றைப் பொறுக்கி ஒரு சாக்கை நிரப்பினார்கள். சிரட்டை வந்த அதே சாக்கு, அவற்றைச் சுமந்துகொண்டு மடவளைக்குத் திரும்பிற்று.

புறப்படும் காலையிலே தேநீர் மட்டுமே. அதன்பின் மூத்தவன் அடுப்பிலே நீரூற்றிக் கிளறினான், மறுபடி ஊற்றினான், புறங்கையை அருகே நீட்டிச் சூடு இருக்கிறதா என்று பார்த்தான். மூத்தம்மா எழுந்து சென்று தாமும் ஒருமுறை தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார். கற்கள் மூன்றும் எடுத்த இடத்திலேயே போடப்பட்டன.

மடவளைக்குத் திரும்பிய அன்றிரவு உம்மா வழக்கம்போல் அடுக்களைக்குள் நுழைந்தார். அங்கே வாப்பா அரிசிப் பானைக்குள் விரலை விட்டு, முதற்கணுவைத் தேடிக்கொண்டிருந்தார்.